ஆறு மணி நேரக் கரு நன்றாக இருந்தால் போதுமா?

கேள்வி: ஜீப்ரா மீனில் பிஆர்ஜி-1 மரபணுவை, டிஎன்ஏவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையால் முடக்கினேன். ஒரு பிரதி மட்டும் முடங்கிய ஆணையும் பெண்ணையும் இணைத்தேன். இரு பிரதியும் முடங்கிய கருக்கள் கருவுற்ற 6 மணி நேரத்தில் மற்றவை போலவே இருக்கின்றன. கருவின் மரபணுக்கள் இயங்கத் தொடங்க, குரோமாட்டினை (புரதங்களில் சுற்றப்பட்ட டிஎன்ஏ) மாற்றியமைக்கும் இந்த மரபணுவின் புரதம் தேவையில்லை என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். முட்டை உருவாகும்போதே தாய்மீன் தன் தூது ஆர்என்ஏவையும் புரதத்தையும் அதில் நிரப்பிவிடுகிறது. 28.5 டிகிரியில் கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் இயங்குவதே கருவுற்றுச் சுமார் 3 மணி நேரத்தில்தான். பிஆர்ஜி-1 புரதத்தின் வேலை, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து நியூக்ளியோசோம்களை (டிஎன்ஏ சுற்றிய புரத உருண்டைகள்) நகர்த்துவது; அதற்கு அப்போது தாய் தந்த பங்கே கையிருப்பில் இருக்கிறது. தாயிடம் நல்ல பிரதி ஒன்று இருந்தாலே எல்லா முட்டைகளுக்கும் அது போய்ச் சேரும். எலியில் இது தெளிவாகத் தெரிந்தது. 2000-இல் வெளியான ஆய்வில், கருவில் மட்டும் இந்த மரபணு இல்லாதவை (தாயிடம் இருந்தது) கருப்பையில் பதியும் கட்டம் வரை வந்தன. 2006 ஆய்வில், முட்டையிலேயே அதை நீக்கிய கருக்கள் இரண்டு செல் கட்டத்திலேயே நின்றன.

ஆர்என்ஏவில் ஒட்டி அதன் வேலையைத் தடுக்கும் செயற்கை மூலக்கூறான மார்ஃபோலினோவை நம்பினாலும் கவனம் வேண்டும். ஆர்என்ஏவின் தேவையற்ற பகுதிகளை வெட்டி மீதியை ஒட்டுவதைத் (ஸ்ப்ளைசிங்) தடுக்கும் வகை இங்கே பயன்படாது. தாயின் ஆர்என்ஏ ஏற்கெனவே ஒட்டி முடிந்தது. புரத உருவாக்கம் தொடங்கும் குறியை மறைக்கும் வகை புதிய புரதத்தைத்தான் நிறுத்தும், முட்டையில் இருக்கும் புரதம் அப்படியே இருக்கும்.

முடங்கிய மீன்கள் லார்வாவாகவே இறப்பதால் அவற்றைத் தாயாக வளர்க்க முடியாது. இனச்செல் மாற்றம் ஒரு வழி: முடங்கிய கருவின் இனச்செல்களை (முட்டை, விந்தணு ஆகப்போகும் செல்கள்) வேறொரு கருவில் வைத்தால், அது வளர்ந்து முடங்கிய முட்டைகளை இடும். ஏற்கும் கருவில், இனச்செல்களுக்குத் தேவையான டெட் எண்ட் மரபணுவைத் தடுக்கும் மார்ஃபோலினோவைச் செலுத்தி அதன் இனச்செல்களை அழியுங்கள். கொடை கருவின் விளிம்புப் பகுதிச் செல்களைச் சுமார் 4 மணி நேரத்தில் எடுத்து அதில் வையுங்கள். கொடை கருக்களில் நான்கில் ஒன்றுதான் முழு முடக்கம். எனவே ஒவ்வொன்றையும் தனிக்குழியில் வைத்து மரபணுச் சோதனை செய்ய வேண்டும். பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான்: ஒட்டிய இனச்செல்கள் குறைந்தால் மீன் ஆணாகிவிடும், முட்டையே கிடைக்காது. ஆகவே நிறைய கருக்களில் செய்யுங்கள்.

குரோமாட்டினில் திறந்திருக்கும் பகுதிகளை வரிசைப்படுத்திக் காட்டும் அடாக்-சீக் சோதனை செய்யும்போது கடிகாரத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், செல் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆயிரம் செல் கட்டத்துக்கு முன்பு ஒரு பிரிவுக்குச் சுமார் 15 நிமிடம்தான். சில நிமிடம் தவறினாலும் பிரிந்துகொண்டிருக்கும், இறுகிய குரோமாட்டினை அளந்துவிடுவீர்கள். 50,000 செல் வேண்டுமானால் 1,000 செல் கட்டத்தில் 50 கரு, 256 செல் கட்டத்தில் ஏறக்குறைய 200 கரு. மஞ்சள் கருவை நன்கு நீக்கி உட்கருக்களைப் பிரித்தெடுங்கள். முட்டையில் மைட்டோகாண்ட்ரியா ஏராளம். அதன் டிஎன்ஏ கலந்தால் வரிசைத் தரவில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும்.