ஒன்றரை வேகத்தில் பார்த்த படம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நாங்கள் கல்லூரிக் காலத்திலிருந்து பழகும் ஆறு நண்பர்கள். இப்போது ஆளுக்கொரு வேலையில் இருக்கிறோம். ஞாயிறு இரவு வாட்ஸ்அப் அழைப்பில் கூடி, அந்த வாரம் பார்த்த படங்களுக்குப் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடுவோம். ஒருவன் அதையெல்லாம் எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறான். போன வாரம் மற்ற ஐந்து பேரும் ஒன்பது, ஒன்பதரை என்று போட்ட படத்துக்கு நான் நாலு போட்டேன். பெரிய சண்டையாகிவிட்டது. "நீ அறிவுஜீவி ஆயிட்டே" என்றான் ஒருவன். "ஐஎம்டிபியில 8.1 இருக்கு, அத்தனை பேரும் முட்டாளா?" என்றான் இன்னொருவன். கிளைமாக்ஸில் எல்லோரும் அழுதார்களாம். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. இத்தனைக்கும் நான் வீட்டில் பொறுமையாக, தொய்வாக இருந்த இடங்களை மட்டும் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்து, கடைசிவரை பார்த்தேன்.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்றால் மதிப்பெண்ணுக்கு என்ன அர்த்தம்? பலர் சொல்வது சரியா, எனக்குத் தோன்றுவது சரியா? ஒரு படத்தை எடைபோட திரைக்கோட்பாடெல்லாம் படிக்க வேண்டுமா? அல்லது இனிமேல் வம்பே வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் ஏழு போட்டுவிட்டுப் போகலாமா?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது அவற்றுக்காக இல்லை. "தொய்வாக இருந்த இடங்களை மட்டும்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காக. அதற்கு முன்னால் "பொறுமையாக" என்று வேறு. படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது. கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தை நீங்கள் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டீர்கள்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுகிறேன். திரைக்கோட்பாடு படிக்க ஆசையிருந்தால் படியுங்கள், நல்லது. நண்பர்களை மடக்குவதற்காகப் படித்தீர்களென்றால் உங்களோடு படம் பார்க்க ஒருத்தரும் வரமாட்டார்கள். ஏழு போடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாதவர்கள் போடுகிற மதிப்பெண் ஏழு. அறிவுஜீவி என்று திட்டிய நண்பர்மேல் வருத்தம் வேண்டாம். அந்த நேரத்தில் அவர் வாய்க்கு வேறு வசை வரவில்லை, பாவம்.

8.1 என்று ஒருவர் அடித்துச் சொன்னாரே, அந்த எண் பற்றி இரண்டு வார்த்தை. ஐஎம்டிபி என்கிற திரைப்பட இணையதளத்தில் தெரிவது எல்லோரும் போட்டதைக் கூட்டி வகுத்த நேர் சராசரி இல்லை. சில வாக்குகளுக்குக் கூடுதல் எடை, சிலவற்றுக்குக் குறைவு என்று அந்தத் தளமே சொல்கிறது, கணக்கை முழுதாக வெளியே விடுவதில்லை. விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் காட்டுகிற சதவீதத்தையும் பலர் மதிப்பெண் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 95 சதவீதம் என்றால் நூறு விமர்சகர்களில் 95 பேர் 'பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்று பொருள். அந்த 95 பேரும் 'பரவாயில்லை' என்று முனகிவிட்டுப் போயிருந்தாலும் அதே 95 வரும். ஆனந்த விகடன் நூற்றுக்கு மதிப்பெண் போட்ட காலத்தில் அறுபதைத் தொடுவதே ஒரு படத்துக்குப் பெருமை. '16 வயதினிலே' வாங்கிய 62.5-ஐ இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். உங்கள் எக்செல்லில் அதை ஏற்றினால் ஆறேகால். 'ஒருதடவை பார்க்கலாம்' ரகத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

பலர் சொல்வது சரியா என்கிறீர்கள். எந்த வருஷத்துப் பலர்? 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் 1952-இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து, உலகின் சிறந்த படம் எது என்று பட்டியல் போடுகிறது. முதல் தடவை முதலிடம் பிடித்தது, வந்து நாலே வருஷமான 'பைசைக்கிள் தீவ்ஸ்'. அடுத்து 1962-இலிருந்து 2002 வரை ஐந்து முறையும் 'சிட்டிசன் கேன்'. 2012-இல் 'வெர்ட்டிகோ'. 1958-இல் அது வந்தபோது விமர்சகர்கள் அதை அப்படியொன்றும் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. 2022-இல் பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அகெர்மானின் 'ஷான் டீல்மான்'. 2012-இல் வாக்களித்தவர்கள் 846 பேர், 2022-இல் 1,639 பேர். கேட்கப்பட்ட ஆட்கள் மாறினார்கள், பட்டியலும் மாறியது. ரசனை வளர்ந்துவிட்டது என்று ஒரு கோஷ்டியும் மோஸ்தர் மாறிவிட்டது என்று இன்னொரு கோஷ்டியும் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தக் கடைசிப் படம் வேண்டும்.

1975-இல் வந்த படம். எடுத்து முடித்தபோது அகெர்மானுக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. மூன்று மணி இருபத்தோரு நிமிடம் ஓடும். ஒரு விதவை, பள்ளிக்குப் போகும் மகன், மூன்று நாட்கள். அவள் சமைப்பாள், பாத்திரம் கழுவுவாள், படுக்கையை மடிப்பாள், ஓர் அறையிலிருந்து கிளம்பினால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். பிற்பகலில் பணம் வாங்கிக்கொண்டு ஓர் ஆளை உள்ளே அனுமதிப்பாள். கேமரா நகராது. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்குமேல் வெந்துவிடுகிறது. அவள் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அறைக்கு அறை போகிறாள். முதல் நாள் முழுக்க அவள்கூடவே உட்கார்ந்திருந்தவருக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசையும். ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். நீங்கள் சொல்லும் ஒன்றரை வேகத்தில் இந்தப் படத்தை இரண்டு மணி பதினாலு நிமிடத்தில் முடித்துவிடலாம். அறுபத்தேழு நிமிடம் மிச்சம். சமையல் சரியாக வராத ஒரு பெண்மணியைப் பார்த்துவிட்டு எழுந்து போகலாம்.

இந்தப் படம் உங்களுக்குப் பிடித்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. பாதியில் எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும், அவர்களை நான் மதிக்கிறேன். பிடிக்கவில்லை, எழுந்தார்கள், அது நேர்மை. நீங்கள் செய்தது வேறு.

வேகத்தைக் கூட்டுவது இன்றைக்கு வந்த வழக்கமில்லை. மௌனப் பட நாட்களில் கூடுதலாக ஒரு காட்சி ஓட்டிவிட ஆசைப்பட்டு, ஆபரேட்டரை விட்டுப் படத்தை விரட்டச் சொன்ன கொட்டகைகள் உண்டு. அது கொட்டகைக்காரரின் பேராசை. பார்க்க வந்தவர் ஏமாற்றப்பட்டவர். இன்று அந்த விசையை உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் கைபேசியில் இதைச் சோதித்துப் பார்த்தபோது சில ஹாலிவுட் இயக்குநர்கள் கத்தினார்கள். அடுத்த வருஷமே ஆண்ட்ராய்டில் வசதி வந்துவிட்டது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் வேகமாகக் கேட்டுப் பழகியவர்கள், செவித்திறன் குறைந்தவர்களுக்கு வசன எழுத்தைப் படிக்க மெதுவான வேகம் வேண்டும். அவர்களுக்கு இது உண்மையான உபகாரம். உங்களுக்கு என்ன குறை? அடுத்த படத்தையும் பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்குள் மார்க் போட்டாக வேண்டும், அதுதானே?

எதை இழந்தோம் என்று உங்களுக்குத் தெரியாததுதான் இதில் மோசம். குரல் கீச்சென்று மாறாதபடி மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. வசனம் புரிகிறது, கதை புரிகிறது, எல்லாம் கையில் வந்துவிட்டதாக நினைப்பு. ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். "நீ அவரைப் பார்த்தாயா?" என்று தாய் கேட்கிறாள். மகள் ஆறு விநாடி பேசாமல் இருந்துவிட்டு "இல்லை" என்கிறாள். ஒன்றரை வேகத்தில் அது நான்கு விநாடி. ஆறு விநாடியில் அவள் முதலில் உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறாள், தாயின் முகத்தைப் பார்க்கிறாள், விழுங்குகிறாள், பிறகு பொய் சொல்கிறாள். நான்கு விநாடியில் அவள் வெறுமனே பொய் சொல்கிறாள். அவள் குணமே மாறிவிட்டது. விநாடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகிற ஊடகம் இது. இங்கே ஒரு எட்டுச் சட்டகம் கூட்டலாமா, அங்கே ஆறு குறைக்கலாமா என்று எடிட்டரும் இயக்குநரும் ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுவார்கள். நீங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு கட்டைவிரலால் மூன்றில் ஒரு பங்கு நேரத்தை உருவி எறிந்துவிட்டு, கிளைமாக்ஸில் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். எப்படி ஐயா ஆகும்? அழுவதற்கு வேண்டியதையெல்லாம் நீங்கள் தொய்வு என்று நினைத்த இடத்தில்தான் அவர்கள் சேர்த்து வைத்திருந்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் மாமா ஒருவர் இருந்தார். எந்தப் படம் பார்த்துவிட்டு வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே "தேறாது" என்பார், அல்லது "தேறும்" என்பார். அதோடு சரி. உங்கள் குழுவுக்கு முன்னோடி அவர்தான். அத்தை நேர்மாறு. படம் நன்றாயிருந்ததா என்று கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. "சொல்றேன் கேளு" என்று முதல் காட்சியிலிருந்து ஆரம்பிப்பாள். பிள்ளைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவோம்.

ஒரு படத்தில் கதாநாயகிக்குக் கடிதம் வரும். அத்தை அந்த இடத்துக்கு வந்ததும் குரலே மாறிவிடும். ஈரக்கையை முந்தானையில் துடைப்பாள், முன்பக்கம், பின்பக்கம் என்று. இல்லாத கடிதத்தை இரண்டு விரலால் வாங்குவாள். கையெழுத்தைப் பார்ப்பாள். யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எங்களுக்கும் தெரிந்துவிடும். பிரிக்கமாட்டாள். இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் வேலையைப் பார்ப்பாள். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். நடுநடுவே இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். "பிரி அத்தை, பிரி" என்று நாங்கள் கெஞ்சுவோம். "அவ இன்னும் பிரிக்கலையேடா" என்பாள். இதற்கே கால் மணி நேரம் ஆகும்.

பல வருஷங்கள் கழித்து அந்தப் படத்தைப் பார்த்தேன். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் முதல் வேலையாகப் போய் அதன் ரேட்டிங்கைப் பார்ப்பீர்கள். கடிதக் காட்சி அரை நிமிடம்கூட இல்லை. வாங்குகிறாள், பார்க்கிறாள், செருகிக்கொள்கிறாள். கதவு தட்டப்படுகிறது, அடுத்த காட்சி. மழையே கிடையாது. படம் சுமார்தான். மாமா சொன்ன "தேறாது" நியாயமான தீர்ப்பு என்றுதான் சொல்வேன். ஆனால் மாமா அந்தப் படத்தில் என்ன பார்த்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அத்தை என்ன பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்த அரை நிமிடம் அவளுக்குள் போய்க் கால் மணி நேரமாக ஊதியிருக்கிறது. அவளுக்கும் அப்படி ஒரு கடிதம் எப்போதாவது வந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற வயது எனக்கு வந்தபோது அவள் இல்லை.

ஒரு படம் ஒருவருக்குள் எந்த இடத்தில் இப்படி ஊதிப் பெரிதாகிறது என்பதைத் தவிர, பொழுதுபோக்காகப் படம் பார்க்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உருப்படியாக வேறொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாலா ஒன்பதா என்று ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒருவராவது ஒரு காட்சியைச் சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அந்தப் படத்தின் ஒரே ஒரு காட்சிகூட இல்லை. நாயகன் யார், கதை எங்கே நடக்கிறது, ஒன்றும் தெரியாது. 4, 9, 9.5, 8.1 என்று எண்கள் மட்டும் இருக்கின்றன. ஆறு பேர் பார்த்த படத்துக்கு இதுதானா மிச்சம்?

அடுத்த ஞாயிறு அந்த ஒன்பதரை போட்ட நண்பரிடம் ஏன் ஒன்பதரை என்று கேட்காதீர்கள். கேட்டால் ஒளிப்பதிவு, பின்னணி இசை, திரைக்கதை என்று பாடம் ஒப்பிப்பார், அதெல்லாம் யூடியூபில் கேட்டது. எங்கே அழுதாய், அந்த இடத்தை அப்படியே சொல் என்று கேளுங்கள். முதலில் கிண்டல் செய்வார். விடாதீர்கள். அவர் இல்லாத மழையைப் பெய்யவைத்தால் குறுக்கே புகுந்து திருத்தவும் வேண்டாம்.

உங்கள் நாலு சரியான மதிப்பெண்ணாகவே இருக்கலாம். ஐந்து பேர் அழுதார்கள் என்பதற்காகக் குப்பை நல்ல படமாகிவிடாது. சுலபமாக அழவைக்கிற படங்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன், அழுதுமிருக்கிறேன், மறுநாள் திட்டியும் இருக்கிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு நீங்கள் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. எக்செல் வைத்திருக்கிற நண்பரிடம் சொல்லி உங்கள் கட்டத்தில் இருக்கும் நாலை அழித்துவிட்டு 'பார்க்கவில்லை' என்று போடச் சொல்லுங்கள். மற்றவர்களும் எந்த வேகத்தில் பார்த்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஐந்தில் இரண்டு கட்டமாவது காலியாகும் என்பது என் சந்தேகம்.

அன்புடன்