கடற்கரைப் பள்ளிக்கு என்ன கதைப் புத்தகம் வாங்கலாம்?

டீச்சர், குளச்சல் பக்கத்துப் பள்ளிக்கு 3,000 ரூபாய்க்குக் கதைப் புத்தகம் வாங்க வேண்டும், இருப்பதெல்லாம் ராஜாவும் நரியும்தான், பிள்ளைகள் தொடுவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

மொத்தப் பணத்தையும் உடனே செலவழிக்காதீர்கள். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். திறந்த உரிமம் என்பதால் அச்செடுக்கலாம், வசனத்தை நம் ஊர்ப் பேச்சுக்கு மாற்றியும் எழுதலாம். மிச்சத்துக்குத் துலிகா பதிப்பகத்தின் படப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

நானாக இருந்தால் படங்களைத்தான் முதலில் பார்ப்பேன். மீனவர் வந்தால் கிழிந்த வலையோடு பரிதாபமாக நிற்கிறாரா, இல்லை வேலை தெரிந்த ஆளாக இருக்கிறாரா? கறுத்த பிள்ளை கதையை நடத்துகிறதா, ஓரத்தில் நிற்கிறதா? அம்மா அடுப்படியை விட்டு வெளியே வருகிறாளா? மீன் சுமந்து விற்கிற பெண்களைத் தினமும் பார்க்கும் பிள்ளைகள் அவர்கள், சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதற்காகக் கடல் கதையாகவே அடுக்கவும் வேண்டாம். குழந்தைகளுக்குப் புத்தகம் தங்களைப் பார்க்கிற கண்ணாடியாகவும் பிறர் வாழ்வைப் பார்க்கிற சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். நம் மாவட்டத்திலேயே பேச்சிப்பாறை மலையில் காணிப் பழங்குடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிற வீடுகள் இருக்கின்றன. அதுவும் தெரியட்டும்.

அப்புறம், கரமடி (கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலை) இழுப்பதைப் பற்றிப் புத்தகம் கிடைக்காவிட்டால் பிள்ளைகளையே வரைந்து எழுதச் சொல்லித் தைத்து அலமாரியில் வையுங்கள். அவர்கள் பேசுகிறபடியே எழுதட்டும், திருத்தாதீர்கள்.