மூன்று சுழிக்கும் இடம் வேண்டும்

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கும்பகோணம்): இதுவரை எழுதிய 230 கட்டுரைகளைச் சொந்த இணையதளத்தில் போட்டிருக்கிறேன். இலக்கணம், பயணம், கோயில், சமையல், நினைவுகள் என்று பதினொரு மெனு. “பாட்டி, ஒண்ணுமே தேட முடியல” என்கிறான் பேரன். எப்படி அடுக்குவது?

பதில்: பேரன் சொல்வது சரிதான். மடைப்பள்ளிப் புளியோதரை பற்றி எழுதியிருந்தால் அது கோயிலா, சமையலா, நினைவா? எழுதிய உங்களுக்கே ஒரு நிமிடம் குழப்பம் வரும். என் தளத்தில் முதலில் பதினான்கு வகைகள் வைத்தேன். ஆறு வகைகளில் ஆளுக்கொரு கட்டுரை, ‘பிற’ என்பதில் நாற்பது! ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மூன்றே மூன்று வைத்துக்கொண்டேன்: ‘கட்டுரைகள்’, ‘முதலில் படிக்க’, ‘என்னைப் பற்றி’.

‘கட்டுரைகள்’ பக்கத்தில் 230 தலைப்புகளையும் ஆண்டுவாரியாக ஒரே நீளப் பட்டியலாகப் போடுங்கள். படம் வேண்டாம். வெறும் எழுத்து என்பதால் ஃபோனில் சட்டென்று திறக்கும், பிரவுசரிலேயே சொல்லைத் தேடலாம். ‘முதலில் படிக்க’ என்பதில் நீங்களே பொறுக்கிய பத்து போதும்.

அப்புறம், பலர் உங்கள் முகப்புப் பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒரு கட்டுரைக்கு நேராக வந்து இறங்குவார்கள். அதனால் ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் உங்கள் பெயரும் எழுதிய தேதியும், அடியில் தொடர்புள்ள இரண்டு கட்டுரைகளும் இருக்கட்டும். பக்க முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால், நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் சதவீதக் குறிகளாகச் சிதறிவிடும். ‘அம்மா’ என்ற ஒரு சொல்லே 45 குறிகளாக நீளும்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): என் தளத்தில் தமிழ் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. எந்த ஃபான்ட் நல்லது?

பதில்: ஃபான்ட் இருக்கட்டும், முதலில் வரி இடைவெளியைப் பாருங்கள். மேல் வரியில் ஒரு ‘பு’ காலை நீட்ட, கீழ் வரியில் ஒரு ‘தீ’ தலையைத் தூக்க, இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலை பார்த்த நாட்களில் 11 பாயிண்ட் எழுத்துக்கு 14 பாயிண்ட் லீடிங், அதாவது வரிக்கு வரி தூரம், கொடுப்போம். திரையில் இன்னும் தாராளம் வேண்டும்: எழுத்து 18 பிக்சல், வரி உயரம் அதைப்போல் 1.7 மடங்கு.

இரண்டு ஓரமும் சமமாக நிற்கட்டும் என்று ஆசைப்படாதீர்கள். ‘எழுதிக்கொண்டிருக்கிறார்கள்’ ஒன்றே ஃபோன் வரியில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். அச்சில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவோம். புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். பிரவுசர், நீங்கள் சொல்லாவிட்டால் உடைக்காது. நடுநடுவே ஓட்டை விழும்.

தடித்த எழுத்து இன்னொரு வம்பு. ஃபான்ட்டில் தடித்த வடிவம் இல்லாவிட்டால், இருப்பதையே பிரவுசர் பூசிக் காட்டும். சின்ன அளவில் மூன்று சுழி ‘ண’ அடைத்துக்கொண்டு, மணமா மனமா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். என் தளத்தில் ‘மணவிழா நினைவுகள்’ என்ற தலைப்பு மாதக்கணக்கில் அப்படித்தான் கிடந்தது. முக்தா மலர் என்ற ஃபான்ட்டில் மெலிவிலிருந்து தடிப்பு வரை ஏழு வடிவங்கள் உண்டு, தலைப்புக்கும் மெனுவுக்கும் வைக்கலாம். கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ். இரண்டும் இலவசம். சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம். மேற்கோளைச் சற்று உள்தள்ளிப் போட்டாலே தெரிந்துவிடும்.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): பழைய கட்டுரைகளெல்லாம் பாமினியில் இருக்கின்றன. அப்படியே ஏற்றலாமா?

பதில்: கூடாது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய ஃபான்ட். அது இல்லாத கணினியில் உங்கள் ‘அம்மா’, எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்பார். தேடினாலும் கிடைக்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. ஆனால் மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும். என் கட்டுரை ஒன்றின் அடியிலிருந்த ஈமெயில் முகவரி, வாயில் நுழையாத ஒரு தமிழ்ச் சொல்லாகி இரண்டு வருடம் அங்கேயே இருந்தது.