நாம் பார்த்த படம்தானா இது? – வாசகர் கேள்வி பதில்

பழைய படத்துக்குப் புது முடிவு ஒட்டி மறுபடி வெளியிடுகிறார்கள். இயக்குநர் எதிர்த்தாலும் தடுக்க முடியாதா? (வாசகி, மதுரை)

பெரும்பாலும் முடியாது. 2025 ஆகஸ்டில் ‘அம்பிகாபதி’க்கு நடந்தது இதுதான். 2013-ல் வந்த ‘ராஞ்ஜனா’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. கடைசியில் இறந்துபோகும் நாயகனை ஏ.ஐ. மூலம் பிழைக்க வைத்து வெளியிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய், நடிகர் தனுஷ் இருவரும் கண்டித்தார்கள். படம் ஓடத்தான் செய்தது.

காரணம், 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ என்று தயாரிப்பாளரைத்தான் சொல்கிறது. படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையைத் தரும் 57-வது பிரிவும் ஆசிரியருக்கானதே. அதனால் இயக்குநருக்குப் பிடிமானம் ஒப்பந்தம் மட்டும்தான். ‘என் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் காட்சி, ஒலி, முடிவு எதையும் மாற்றக் கூடாது’ என்ற வரியைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

ரசிகர்களின் பதற்றம் நியாயமானது. திரையரங்கில் பார்த்தவர்களுக்குப் பழைய முடிவு மறக்காது. பத்து வருடம் கழித்து வரும் பிள்ளைக்குக் கையில் எது கிடைக்கிறதோ, அதுதான் படம். புது வடிவம் வருவதைவிட, மூல வடிவம் கடையிலிருந்தும் ஓ.டி.டி.யிலிருந்தும் காணாமல் போவதுதான் பெரிய ஆபத்து. பழைய டி.வி.டி. இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

டி.வி.டி.யில் என் அபிமானப் படம் ஆறு நிமிடம் குறைகிறது. வெட்டிவிட்டார்களா? (வாசகர், திருநெல்வேலி)

அவசரப்பட வேண்டாம். படச்சுருள் காலத்துப் படம் என்றால், தொடங்கும்போது வரும் தணிக்கைச் சான்றிதழில் நீளம் பெரும்பாலும் மீட்டரில் இருக்கும். 35 எம்.எம். படச்சுருள் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். 4,115 மீட்டர் என்றால் 150 நிமிடம். உங்கள் பிரதி 144 நிமிடம் ஓடினால் அது வெட்டு அல்ல, வேகம். திரையரங்கில் விநாடிக்கு 24 சட்டகம்; நம் ஊர்த் தொலைக்காட்சி முறையில் 25. அப்படி மாற்றிய பிரதி நான்கு சதவீதம் வேகமாக ஓடும். பாட்டின் சுருதியும் ஏறும், ஏறக்குறைய அரைச்சுரத்தில் முக்கால் பங்கு. சிறுவயதில் கேட்ட குரல் மெலிந்துவிட்டதாகத் தோன்றுவது இதனால்தான். கணினியில் வி.எல்.சி. பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். ஒலி அமைப்பில் ‘டைம் ஸ்ட்ரெட்சிங்’ என்பதை அணைத்தால்தான் சுருதியும் இறங்கும்.

144-க்கும் குறைவாக இருந்தால் வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் பாட்டும் நகைச்சுவைப் பகுதியும்தான் பலியாகும். படம் சினிமாஸ்கோப்பா, அதாவது அகலத் திரைக்கு எடுத்ததா என்றும் பாருங்கள். பழைய சதுரத் திரைக்காக ஓரங்களை வெட்டிய பிரதியில் ஒளிப்பதிவாளர் வைத்த காட்சியில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போயிருக்கும். இருவர் பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரிந்தால் அந்தப் பிரதி வேண்டாம்.

தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். வீட்டில் இருக்கும் ரீல் டப்பாக்களைத் திறந்தால் வினிகர் நெடி. என்ன செய்யலாம்? (வாசகர், தேனி)

உடனே மற்ற டப்பாக்களிலிருந்து பிரித்து வையுங்கள். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சுருள் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. அந்த அமிலமே சிதைவை விரைவாக்கும், பக்கத்துச் சுருளையும் பிடிக்கும். காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கில் கட்டினால் ஆவி உள்ளேயே தங்கி நிலைமை மோசமாகும். குளிர்ந்த, ஈரமில்லாத அறை போதும்; மொட்டை மாடி அறையும் பரணும் ஆகாது. புரொஜெக்டரில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய சுருள் பற்களில் சரியாக உட்காராது, துளைகள் கிழிந்துவிடும்.

1950-களின் தொடக்கத்துக்கு முந்திய சுருள் என்றால் நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பற்றும் பிளாஸ்டிக்காக இருக்கலாம். பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும் பொருள் அது. கொளுத்திச் சோதிக்க வேண்டாம், வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம். படத்தின் பெயர், ரீல் எண், டப்பா மேல் உள்ள எழுத்து எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து, 1964-ல் தொடங்கிய புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். ‘இது ஓடாத படம்தானே’ என்று ஒதுக்காதீர்கள். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

‘4கே’ மறுவெளியீடு என்றால் நம்பிப் போகலாமா? (வாசகி, கோவை)

‘4கே’ என்பது மிகத் துல்லியமான டிஜிட்டல் பிரதி. அதைக் கேமராவில் ஓடிய மூல நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்தார்களா, தேய்ந்த திரையரங்குப் பிரதியிலிருந்தா என்று விளம்பரத்தில் தேடுங்கள். முகங்கள் மெழுகுபோல் வழுவழுப்பாக இருந்தால் கீறலோடு சேர்த்து படச்சுருளுக்கே உரிய பொடிப் புள்ளிகளையும் (கிரெய்ன்) துடைத்துவிட்டார்கள். பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலியும் கூடவே இருந்தால் டிக்கெட் வாங்கலாம்.