மணிக்கட்டு வலிக்கு டிராக்பாலா, பேனா டேப்லெட்டா?

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் பகல் முழுக்க ஆட்டோகேடில் வீட்டுப் பிளான், ராத்திரி பிளெண்டரில் 3டி மாடல், கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேலைக்கு டிராக்பால்தான் சரி, அதாவது நகர்த்தாமல் ஒரே இடத்தில் வைத்து, மேலுள்ள உருண்டையை உருட்டி கர்சரை ஓட்டும் மவுஸ். ஆனால் கட்டைவிரலால் உருட்டும் வகை வேண்டவே வேண்டாம், வலி கூடிவிடும். கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ் மாதிரி நடுவில் பெரிய உருண்டை இருப்பதைப் பாருங்கள். அதை மற்ற விரல்களால் உருட்டலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆட்டோகேடில் படத்தை நகர்த்துவதும் பிளெண்டரில் சுற்றிப் பார்ப்பதும் மவுஸ் வீலை அழுத்தித்தானே? இந்த டிராக்பாலில் வீலுக்குப் பதில் உருண்டையைச் சுற்றி ஒரு வளையம். சுழற்றலாம், அழுத்த முடியாது. அதனால் நாலு பட்டனில் மேலே உள்ள ஒன்றை அதன் மென்பொருளில் நடு கிளிக்காக மாற்றிவிடுங்கள். முதல் சில நாள் கை தடுமாறும், விட்டுவிடாதீர்கள்.

பேனா டேப்லெட், அதாவது பேனாவால் வரையும் பலகை, பிளெண்டரில் சிற்பம் மாதிரி செதுக்க அருமை. பிளானில் கோட்டு முனையைப் பிடித்து கிளிக் பண்ணும்போது பேனா நுனி லேசாக நழுவும், எரிச்சல்தான். ஸ்பேஸ்மவுஸ் என்று 3டி மாடலைத் திருப்பிப் பார்க்கும் குமிழ் ஒன்றும் உண்டு, அது இடது கைக்கு, மவுஸுக்குத் துணையாக. அதை அப்புறம் பார்க்கலாம்.

விரல் மரத்துப்போகிறதா? அப்படியென்றால் எதையும் வாங்கும் முன் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கையைக் காட்டிவிடுங்கள்.