ஈ.பி.எப். பணம் யார் கையில்? வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

ஈ.பி.எப். என்றால் ஊழியர் சேமலாப நிதி, இலங்கையில் தனியார் துறை ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பு. பல வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் என்பதால் அதைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பரந்தன், அரிசி ஆலை: அண்ணை, சம்பளம் 40,000. ஈ.பி.எப். என்று 8,000 வெட்டுகிறார்கள். சரியா?

பிழை தம்பி. உங்கள் பங்கு 8 வீதம், அதாவது 3,200 தான். முதலாளியின் 12 வீதம், 4,800, அவர் பையிலிருந்து வர வேண்டும். ஈ.ரி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதி வேறு, அதற்கு 3 வீதம், 1,200, அதுவும் அவர் தலையில்தான். இப்போது அவருடைய பங்கையும் நீங்களே கட்டுகிறீர்கள். சம்பளச் சிட்டையை எறியாதீர்கள். சிட்டை தராவிட்டால் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள்.

முள்ளியவளை, புடவைக்கடை: "நிரந்தரமானால் பார்ப்போம்" என்கிறார் முதலாளி.

சாட்டு, தங்கச்சி. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

கிளிநொச்சி: வெட்டுகிறார்கள், கட்டுகிறார்களா என்று எப்படி அறிவது?

ஒரு மாதப் பணம் அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம், அதையும் முதலாளிதான் கட்ட வேண்டும். மத்திய வங்கி தரும் உங்கள் ஈ.பி.எப். கணக்கறிக்கையை மாதம் மாதமாகப் பாருங்கள். நான் முதலில் வேலை செய்த இடத்தில் நாலு மாதம் வெட்டியும் கட்டவில்லை. அறிக்கையில் அந்த வரிகள் வெறுமையாக இருந்தபோதுதான் விழித்தோம். தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் முறையிட்ட பிறகே காசு வந்தது.

வவுனியா: பணத்தை அரசாங்கத்துக்கே கொடுத்துவிடுகிறார்களாமே?

பெரும்பகுதி திறைசேரி முறிகளில்தான், அதாவது அரசாங்கம் கடன் வாங்கக் கொடுக்கும் பத்திரங்களில்தான், ஐயா. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகம் தொழில் ஆணையாளரிடம். பணத்தைக் காத்து முதலிடுவது மத்திய வங்கி. நெடுங்காலம் அதே வங்கிதான் அரசாங்கத்துக்குக் கடனும் திரட்டிக் கொடுத்தது. கடன் வாங்குபவருக்கு வட்டி குறைய வேண்டும், சேமிப்பவருக்குக் கூட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே தரகர் என்றால் காணி விற்கவே நாம் சம்மதிக்க மாட்டோம்! 2015இல் மத்திய வங்கி முறிகளை விற்றதில் முறைகேடு நடந்ததாக எழுந்த விவகாரத்தில் ஈ.பி.எப். வாங்கிய முறிகளும் விசாரிக்கப்பட்டன. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவை வாங்கினார்கள். குறைந்தது 9 வீத வருமானம் தருவோம் என்றது அரசு. ஆண்டுதோறும் அறிவிக்கும் வீதத்தைக் கவனித்து வாருங்கள்.

புதுக்குடியிருப்பு: இறந்த அண்ணரின் ஈ.பி.எப். அட்டை இடம்பெயர்வில் தொலைந்தது.

அட்டை தொலைந்தால் கணக்கு அழியாது, அக்கா. மரணச் சான்றிதழ், அவருடைய அடையாள அட்டை இலக்கம், வேலை செய்த நிறுவனத்தின் பெயர், காலம், இவற்றோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு பணத்தைப் பெறுபவராக, யாரைப் போட்டார் என்பதை முதலில் கேளுங்கள். கூட வேலை செய்தவர் யாரிடமாவது பழைய சிட்டை இருந்தால் அதையும் கொண்டு போங்கள், நிறுவன இலக்கம் அதில் இருக்கக்கூடும்.