எண்பத்து நான்கு ரீடுகள்

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த்தில் ஹார்மோனியமும் மிருதங்கமும் பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு வகுப்பு. மூன்று தொழில்முனைவர் பயிற்சிகளுக்குப் போய்வந்துவிட்டேன். சான்றிதழ்கள் சுவரில் இருக்கின்றன, வருமானம் ஏறவில்லை. ஒரு ஹார்மோனியத்துக்கு முழுச் சுருதி சேர்க்க 50 வெள்ளி வாங்குகிறேன், அதற்கும் பேரம் பேசுகிறார்கள். அடுத்து இணைய விளம்பரப் பயிற்சிக்குப் போகவா, கடன் எடுத்துக் கடையைப் பெரிதாக்கவா? போட்டிக் கடைகளோடு சேர்ந்து வேலை செய்யச் சொல்கிறார்கள். அது நடக்குமா?

ம.

அன்புள்ள தம்பி,

'சுருதி சேர்க்க 50 வெள்ளி' என்ற வரியைத் தாண்டி வெகுநேரம் என்னால் படிக்க முடியவில்லை. சில மாதங்களாக இந்தக் கூலிக் கணக்குதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார் பக்கம் ஓர் அஞ்சடியில், அதாவது கடைவரிசை முன்னால் ஓடும் நடைபாதையில், ஹார்மோனியம் பார்க்கும் மாமா ஒருவர் இருந்தார். எண்பதுகளில் பள்ளி விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன். ரீட் என்பது பெட்டிக்குள் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கு. அதன் நுனியில் அரத்தால் லேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும், அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். இதை அவர் வாயால் சொன்னதே இல்லை. என் விரலைப் பிடித்து அரத்தை இழுக்க வைத்து, துருத்தியை அமுக்கி, "இப்பக் கேளு" என்பார். மூன்று வருடம் கேட்டேன். ரீடைக் கெடுத்துவிட்டால் திட்டமாட்டார். பாலித்தானாவிலிருந்து வந்த டப்பாவைத் திறந்து இன்னொன்றை எடுத்து வைப்பார். குஜராத்தில் அப்படி ஓர் ஊர் இருப்பதே எனக்கு அந்த டப்பாவால்தான் தெரியும்.

ஆனால் வந்தவர் "எவ்வளவு?" என்று கேட்கும் நேரத்தில் மட்டும் என்னை டீ வாங்க அனுப்பிவிடுவார். சிறுவன் முன்னால் காசு பேச அவருக்குக் கூச்சம். "இருக்கறதக் குடுங்க" என்பதுதான் அவர் சொன்ன விலை என்று பின்னால் தெரிந்தது. ஒரு கோயில் நிர்வாகம் நான்கு ஹார்மோனியப் பெட்டிகளுக்கான கூலியைக் கடைசிவரை தரவில்லை. அவரும் போய்க் கேட்கவில்லை.

1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தவரை அப்படியே ஓடியது. 2000 ஜனவரியோடு அது போயிற்று. வாடகை எங்கோ ஏறியது. கடையைக் காலி செய்த அன்று டப்பாக்களை லாரியில் ஏற்றியது நான்தான். எல்லாரும் சட்டத்தைத் திட்டினார்கள், நானும் திட்டினேன். செய்த வேலைக்குக் கூலியை ஒழுங்காகக் கேட்டு வாங்கியிருந்தால் ஒரு மாடி அறைக்காவது அவரிடம் பணம் இருந்திருக்குமே என்று இந்த வயதில் அவர்மேல் கோபம் வருகிறது. இன்று உங்கள்மேலும் வருகிறது.

கணக்குப் போடுங்கள். 42 கட்டை, கட்டைக்கு இரண்டு ரீட் உள்ள பெட்டி என்றால் 84 ரீட். ஒன்றுக்கு ஐந்தே நிமிடம் என்று வைத்தாலும் 420 நிமிடம், ஏழு மணி நேரம். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ஏழு மணி நேரத்துக்கு 61 வெள்ளிச் சொச்சம். நீங்கள் வாங்குவது 50. கடை வாடகையும் மின்சாரமும் இதில் சேரவில்லை. ஒரு ரீட் இம்மி பிசகினாலும் கண்டுபிடிக்கிற அந்தக் காதுக்கு நீங்கள் ஒரு காசும் போடவில்லை. மூன்று பயிற்சிகளில் ஒருவராவது உங்களை உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போடச் சொன்னார்களா? நீங்களாவது கேட்டீர்களா? வாடிக்கையாளரிடம் நீங்கள் விலை சொல்லும்போது பக்கத்தில் இருந்து, உங்கள் குரல் தழைந்தால் தொடையில் தட்டுகிறவரைத்தான் நான் வழிகாட்டி என்பேன். மண்டபத்தில் நூறு பேருக்குத் திரையில் படம் காட்டி அதைச் சொல்லித்தர முடியாது.

விளம்பரம் வேண்டாம். இதே விலைக்கு இன்னும் நாற்பது பேர் வந்தால் உங்கள் முதுகுதான் போகும். கடனும் இப்போது வேண்டாம், இந்தியத் தொழில்முனைவருக்கான ஸ்புமி கடன் திட்டம் எங்கும் ஓடிவிடாது.

'போட்டிக் கடை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை விடுங்கள் தம்பி. ரீடில் அரம் வைக்கத் தெரிந்தவர்களை எண்ண எனக்கு ஒரு கை விரல்களே அதிகம். மிருதங்கத்துக்குத் தோல்வார் பிடிக்கவும், தோலின் நடுவில் கரணை என்ற கறுப்புப் பசை போடவும் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் இருந்தால் மிருதங்கத்தை அவரிடம் அனுப்புங்கள். பெட்டிகளை அவர் உங்களிடம் அனுப்பட்டும். தோலையும் ரீடையும் ஒரே பொட்டலமாக இந்தியாவிலிருந்து வரவழைத்து, அனுப்பும் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து வரும் பெட்டியைக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஆன நேரத்தைத் தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை பெர்ரி ஏறி வருகிறேன். யாராவது வந்து "எவ்வளவு?" என்று கேட்கும்வரை கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து என்னை டீ வாங்க அனுப்பிவிடாதீர்கள்.